உனக்கு ஒரு தாய்மாமன் இருந்தார்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது.

கடிதத்தின் தலையில் சிலுவை போட்டு ஆரம்பிப்பது எனக்குப் பழக்கம். இன்றைக்கும் போட்டேன். போட்ட பிறகு கை கூசிவிட்டது. பேனாவை மூடி வைத்துவிட்டு, உலை வைத்து, அரிசி களைந்து போட்டுவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்திருக்கிறேன். கண் ஆபரேஷனுக்குப் பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இது. எழுத்து பெரிது பெரிதாக, வரி ஏறி இறங்கித்தான் வரும். பொறுத்துக்கொண்டு படி. போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று நீ நினைக்கலாம். போனில் பேசினால் மறுபடியும் பொய் சொல்லிவிடுவேனோ என்று எனக்குப் பயம். போன புதன்கிழமை அப்படித்தான் ஆகிவிட்டது.

அன்றைக்கு நீ கேட்டாய்: “அம்மா, நம்ம குடும்பத்துல யாருக்காவது இப்படி இருந்துச்சா? டாக்டர் கேக்குறாங்க.” நான் யோசிக்கக்கூட இல்லை. “இல்லப்பா, அப்படி யாரும் இல்ல” என்றேன். அத்தனை சுலபமாக வந்தது அந்த வார்த்தை. அதற்கப்புறம் நீ சொன்னதெல்லாம் அரைகுறையாகத்தான் காதில் விழுந்தது. பாப்பாவைப் பற்றி இப்போதைக்கு யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றாய். ஞானஸ்நானத்தைக்கூட பெங்களூரிலேயே, ஆள் கூட்டாமல், நாலு பேரோடு முடித்துக்கொள்ளலாம் என்றாய். போட்டோ எதுவும் கேட்க வேண்டாம் என்றாய். கடைசியில் குரல் உடைந்து, “இவ வளந்து என்னம்மா ஆகப் போறா?” என்று கேட்டாய்.  “செத்த நேரம் கழிச்சுப் பேசுறேன்” என்று வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு நான் கூப்பிடவில்லை, நீயும் கூப்பிடவில்லை.

உன் மகள் பிறந்து இருபத்தோரு நாள் ஆகிறது. டவுன் சிண்ட்ரோம் என்று நீ சொன்ன பேரை நான் முதல் தடவையாகக் கேட்டேன். ஆனால் அவள் முகத்தை, போட்டோகூடப் பார்க்காமலே எனக்குத் தெரியும். கண் ஓரம் கொஞ்சம் மேலே ஏறியிருக்கும். மூக்குத் தண்டு தாழ்ந்திருக்கும். கழுத்துக்குப் பின்னால் சதை மெத்தென்று இருக்கும். உள்ளங்கையில் குறுக்கே ஒரே ரேகை ஓடினாலும் ஓடும். இதெல்லாம் நான் எங்கேயும் படித்துச் சொல்லவில்லை. என் கூடப் பிறந்த அண்ணனுக்கு அந்த முகம்தான். உனக்கு ஒரு தாய்மாமன் இருந்தார். அவர் பேர் சவரிமுத்து. நாங்கள் சவரி என்று கூப்பிடுவோம். உன்னிடமிருந்து முப்பத்து மூன்று வருஷமாக அவரை மறைத்தவள் நான்.

இந்த நோய் பெரும்பாலும் பரம்பரையில் வருவதில்லை என்று டாக்டர் சொன்னதாக நீ சொன்னாய். இருந்தாலும் நாளைக்கே போய் உண்மையைச் சொல். அம்மாவின் அண்ணனுக்கு இருந்தது, அவருக்கு இதயத்தில் கோளாறு இருந்தது, அதில்தான் இறந்தார் என்று சொல். பிள்ளையின் நெஞ்சை நன்றாகப் பார்க்கச் சொல். இது ஒன்றுக்காகவாவது நான் புதன்கிழமையே வாயைத் திறந்திருக்க வேண்டும்.

சவரி எனக்கு நாலு வயது மூத்தவன். எனக்குப் பன்னிரண்டு வயதாகும்போது எங்கள் அம்மா இறந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு வீட்டில் அய்யா, சவரி, நான், மூன்றே பேர். ஊருக்கு மேற்கே எங்களுக்குக் கிணற்றுப் பாசனத்தில் கொஞ்சம் தோட்டம் இருந்தது. பாதியில் மல்லிகை, பாதியில் தக்காளி. சவரிக்குப் பூ எடுக்க வராது. அவன் விரல் கட்டை. மொட்டு நசுங்கிவிடும். ஆனால் தக்காளிக் கூடையைத் தூக்கித் தலையில் வைத்தான் என்றால் வரப்பில் ஒரு பழம் சிந்தாது. பேச்சு அவனுக்குக் குழறும். அய்யாவுக்கும் எனக்கும் முழுசாகப் புரியும், வெளியாருக்குப் பாதி புரியும். பிடிவாதக்காரன். சோற்றில் வெஞ்சனம் குறைந்தால் தட்டைத் தள்ளிவிடுவான். என் பங்கு முட்டையை நான் பார்க்காதபோது எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, கோழி தின்றுவிட்டது என்பான். ஒரு தடவை கோபத்தில் என்னைத் தள்ளிவிட்டு என் முன்பல் உடைந்தது. இப்போதும் சிரித்தால் தெரியுமே, நீ கேட்டதற்குக் கிணற்றுப் படியில் விழுந்தேன் என்று சொல்லியிருக்கிறேன், அதுவும் பொய்தான்.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், இப்படிப் பிறந்த பிள்ளைகளைப் பற்றி உன்னிடம் ஆயிரம் பேர் வந்து, இவர்கள் சம்மனசுகள், தேவதூதர்கள், பாவம் அறியாதவர்கள் என்று சொல்வார்கள். ஆறுதலுக்குச் சொல்வார்கள். நீ நம்பாதே. என் அண்ணன் சம்மனசு இல்லை. முட்டை திருடினான், பொய் சொன்னான், அடித்தான், அடித்துவிட்டு வந்து என் சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டு அழுதான். அவன் மனுஷன். அது எங்கள் ஊரில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் முதலில் புரிந்தது. அப்போது இருந்த பங்குச் சாமியார்.

எனக்கு முதல் தடவையாக நற்கருணை தருகிற புதுநன்மை வருஷம், சாமியார் அய்யாவைக் கூப்பிட்டு, “மூத்தவனுக்கு எப்ப குடுத்தீங்க?” என்று கேட்டார். அய்யா தலையைக் குனிந்துகொண்டு, அவனுக்குக் கொடுக்கவில்லை என்றார். பக்கத்தில் நின்ற உபதேசியார், “அவனுக்கு என்ன சாமி புரியும்? அப்பத்துக்கும் நன்மைக்கும் வித்தியாசம் தெரியாது” என்றார். சாமியார் அவரைத் திரும்பிப் பார்த்தார். “உமக்கு என்ன புரிஞ்சதுன்னு சொல்லும். எனக்கே இன்னும் முழுசாப் புரியல. நான் தினமும் எடுக்கலையா?” என்றார். அதோடு நிற்கவில்லை. மறுநாளிலிருந்து என்னோடு சவரியையும் படிக்க உட்கார வைத்தார். நன்மைக்கு முந்தின நாள் எல்லாப் பிள்ளைகளும் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்க, பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றோம். சவரியும் நின்றான். உள்ளே போனவன் கால்மணி நேரம் வெளியே வரவில்லை. வெளியே வந்தபோது முகமெல்லாம் கண்ணீர். ஆனால் சிரித்துக்கொண்டு வந்தான். நேரே என்னிடம் வந்து, “முட்ட நாந்தான்” என்றான். கோழி தின்றதாகச் சொன்ன முட்டைகள் அத்தனைக்கும் அன்றைக்கு என்னிடம் மன்னிப்புக் கேட்டான். இவனுக்கு ஒன்றும் தெரியாது, பாவம் என்று விட்டுவிட்டவர்கள் எல்லாரும் அவனிடம் அன்பாகத்தான் இருந்தார்கள். ஆனால் நீ செய்தது தப்பு, அதைச் சொல், உனக்கு மன்னிப்பு உண்டு என்று அவனை ஓர் ஆளாக மதித்து உட்கார வைத்துக் கேட்டவர் அந்தச் சாமியார் ஒருவர்தான். அன்றைக்குப் பார்த்த மரியாதைக்குச் சமமாக நான் இன்றுவரை எதையும் பார்க்கவில்லை.

பார்த்தவள்தான் பிறகு இதைச் செய்தேன். எனக்கு இருபத்து மூன்று வயதில் திண்டுக்கல்லிலிருந்து உன் அப்பா வீட்டார் பெண் பார்க்க வந்தார்கள். அதற்கு முன்னால் வந்த இரண்டு இடம், சவரியைப் பார்த்துவிட்டு, போய் எழுதுகிறோம் என்று சொல்லிப் போனவர்கள்தான். தரகர் இந்தத் தடவை எங்களைக் கேட்காமலே, பெண்ணுக்கு ஒரு அண்ணன், பம்பாயில் வேலை என்று சொல்லி வைத்துவிட்டார். அய்யாவுக்கு அது பிடிக்கவில்லை. “வாரவுக பாத்தாப் பாத்துட்டுப் போறாக. நம்ம பிள்ளைய நாம என்ன பண்ண முடியும்?” என்றார். நான்தான் சொன்னேன், சவரியைத் தோட்டத்து மோட்டார் ரூமில் உட்கார வையுங்கள், அவர்கள் போன பிறகு கூட்டி வரலாம் என்று. அய்யா என்னையே பார்த்தார். “நீயா சொல்ற, தாயி?” என்று கேட்டார். “வேற என்னய்யா செய்யச் சொல்றீக?” என்றேன்.  விடிந்ததும் அய்யா சவரியின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். பூட்டை நான் எடுத்துக் கொடுத்தேன்.

சித்திரை மாதம். மோட்டார் ரூமுக்கு மேலே தகரம். உன் அப்பா வீட்டார் பத்து மணிக்கு வந்தார்கள், பேச்சு நல்லபடியாக முடிந்து, சாப்பிட்டு, மத்தியானம் இரண்டு மணிக்குக் கிளம்பினார்கள். எனக்கு இருந்த சந்தோஷத்தில், அய்யாவுக்கு இருந்த அசதியில், அவனை மறந்தே போனோம். பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து மாப்பிள்ளை எப்படி என்று கேலி பேசிக்கொண்டிருந்தார்கள், நானும் சிரித்துக்கொண்டிருந்தேன். நாலு மணிக்குத்தான் நெஞ்சில் அடித்தமாதிரி நினைவு வந்தது. ஓடினேன். கதவைத் திறந்தால், சுவரோரம் காலை மடக்கி உட்கார்ந்திருக்கிறான். உடம்பெல்லாம் வேர்வை. உட்கார்ந்த இடத்திலேயே ஒன்றுக்குப் போயிருக்கிறான். கத்தவில்லை, கதவைத் தட்டவில்லை. என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டான்: “நான் என்ன தப்பு செஞ்சேன்?”

மகனே, அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். பூட்டி வைத்தால், தான் ஏதோ தப்புச் செய்திருக்க வேண்டும். எந்தத் தப்பு என்று காலையிலிருந்து உட்கார்ந்து தேடியிருக்கிறான். நான் கிணற்றடிக்குக் கூட்டிப் போய்க் குளிப்பாட்டினேன். அவன் அப்போதும் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தான்: பழம் தின்னது, செருப்பைத் தொலைச்சது, பூசையில தூங்குனது. ஒவ்வொன்றுக்கும் என் முகத்தைப் பார்ப்பான், இதுவா, இதுவா என்று. கல்யாணத்துக்கு ஒரு வாரத்துக்கு முன்னால் அய்யா அவனை வத்தலக்குண்டுப் பக்கம் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஒரு இல்லத்தில் கொண்டுபோய் விட்டார். அதற்கும் நான் சம்மதித்தேன். என் கல்யாணப் பூசையில் அவன் இல்லை. ஊர்க்காரர்கள் ஒரு பெண்ணின் வாழ்க்கை என்று வாயைத் திறக்கவில்லை.

நாலு வருஷம் உன் அப்பாவுக்கு அது தெரியாது. நீ என் வயிற்றில் ஐந்து மாதமாக இருந்தபோது அய்யா இறந்துபோனார். துட்டி வீட்டில் உன் அப்பா, உன் அப்பாயி, சொந்தம் எல்லாரும் உட்கார்ந்திருக்கிறோம். ஒரு சிஸ்டர் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு சவரி. நேரே பெட்டியிடம் போய், அய்யாவின் கன்னத்தைத் தட்டி, “அய்யா, எந்திரி. வாங்க, போவோம்” என்றான். எழுந்திருக்கவில்லை என்றதும் திரும்பி, கூட்டத்தில் என்னைத் தேடிக் கண்டுபிடித்து, பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். உன் அப்பாயி என்னிடம், “யாரு இது?” என்று கேட்டார்கள்.  சத்தியமாகச் சொல்கிறேன், பக்கத்து வீட்டுப் பிள்ளை என்று சொல்லத்தான் நாக்கு எழுந்தது. அதற்குள் உன் அப்பா எழுந்து வந்தார். எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். யாரும் அவருக்கு எதுவும் சொல்லவில்லை. “இவ அண்ணன்ம்மா” என்றார். “என் மச்சான்.” சொல்லிவிட்டு, சவரிக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, அவனுக்கு அந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்தார். பெட்டியைத் தூக்கும்போது முன்னால் ஒரு பக்கம் சவரியை நிறுத்தி, அவன் தோளோடு தோள் சேர்த்து நடந்தார்.

வீட்டுக்கு வந்த பிறகு உன் அப்பா என்னைத் திட்டவில்லை. “எங்கிட்டக்கூடச் சொல்லக் கூடாதா?” என்று மட்டும் கேட்டார். சவரியை இங்கேயே கூட்டி வந்துவிடலாம் என்றார். உன் அப்பாயி, வயிற்றுப் பிள்ளைக்காரி தினமும் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் பிறக்கிறதும் அப்படியே பிறக்கும், கூடாது என்றார்கள். செத்துப்போனவர்கள் தலையில் பழியைப் போட எனக்கு மனசில்லை. அவர்கள் அறியாமையில் சொன்னார்கள். நானோ, அவர்கள் சொன்னதைக் கேட்டு உள்ளுக்குள் நிம்மதிப்பட்டேன். அதுதான் உண்மை.

மாதத்தில் முதல் ஞாயிறு பூசை முடிந்ததும் உன் அப்பா மொபெட்டை எடுத்துக்கொண்டு கிளம்புவாரே, ஞாபகம் இருக்கிறதா? வத்தலக்குண்டில் ஒரு ஆளைப் பார்க்க வேண்டும் என்பார். முன்னால் ஒரு பையில் சிறுமலைப் பழம் ஒரு சீப்பு, பன் ஒரு பாக்கெட். ஒரு தடவை நீ வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, நானும் வாரேன் என்று அடம்பிடித்தாய். உன்னை இழுத்து இறக்கியது நான். நீ அழுத அழுகையில் உன் அப்பா வண்டியை நிறுத்திவிட்டு, “கூட்டிட்டுத்தான் போறேனே. அவன் மாமன்தான” என்று தணிந்த குரலில் சொன்னார். நான் முறைத்தேன். அவர் போய்விட்டார். அந்த ஆள்தான் உன் தாய்மாமன். உனக்கு மூன்று வயதில் காது குத்தியபோது உன் அப்பா இன்னொரு தடவை கேட்டுப் பார்த்தார். “தாய்மாமன் உசுரோட இருக்கும்போது பிள்ளைய யார் மடியில உக்கார வைக்கச் சொல்ற?” என்றார். நான் என் பெரியப்பா மகனைக் கூப்பிட்டு அவர் மடியில் உன்னை உட்கார வைத்தேன். ஆல்பத்தில் இருக்கிற அந்தப் படத்தில் உன் அப்பா முகத்தைப் பார். காது குத்துகிற சந்தோஷம் இருக்காது.

நான் வருஷத்துக்கு ஒரு தடவை, அவன் பேர்கொண்ட சவேரியார் திருநாளுக்குப் போவேன். அவனுக்குச் சட்டை தைத்து எடுத்துப் போவேன். என் தையல் மிஷினில் எத்தனையோ பிள்ளைகளுக்குப் புதுநன்மைக் கவுன் தைத்திருக்கிறேன், அவன் சட்டைக்குப் பட்டன் துளை போடும்போது மட்டும் தையல் கோணி, பிரித்துப் பிரித்துத் தைப்பேன். உனக்கு ஒன்பது வயதில் சிஸ்டர் ஆள் அனுப்பினார்கள், சவரிக்கு மூச்சு முட்டுகிறது, வந்து பாருங்கள் என்று. உன்னைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு நானும் உன் அப்பாவும் போனோம். கட்டிலில் தலையணை அடுக்கிச் சாய்த்து வைத்திருந்தார்கள். உதடு நீலம் பாரித்திருந்தது. என்னைப் பார்த்ததும் சட்டைப் பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்தான். ஓரமெல்லாம் மடங்கி வெள்ளை வெள்ளையாகப் போயிருந்தது. உன் படம். பள்ளிக்கூடத்தில் முதல் வகுப்பில் எடுத்தது. உன் அப்பா கொடுத்திருக்கிறார். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் சிரித்துக்கொண்டு, “இந்தப் படத்தக் காட்டாத ஆளு இங்க கிடையாதுங்கம்மா. என் மருமகன், என் மருமகன்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு” என்றார். சவரி என்னிடம், “மாப்ள வரல?” என்று கேட்டான். “பரீட்சண்ணே” என்றேன். அவன் தலையை ஆட்டினான். பரீட்சை முக்கியம் என்று அவனுக்கும் யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு நாளில் இறந்துபோனான். அது மே மாதம், ராசா. உனக்குப் பரீட்சை எதுவும் இல்லை. கோடை விடுமுறையில் தெருவில் பம்பரம் விட்டுக்கொண்டிருந்தாய்.

உன்னைப் பற்றி அவருக்கு எல்லாம் தெரியும். உனக்குக் காய்ச்சல் வந்தது, சைக்கிள் ஓட்டப் பழகியது, எல்லாம் உன் அப்பா போய்ச் சொல்வார். அவர் உன்னைத் தன் மருமகன் என்று ஒவ்வொரு நாளும் ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் இருந்ததே உனக்குத் தெரியாது. இதில் ஊனம் யாருக்கு என்று நீயே சொல்.

பதினெட்டு வருஷம் ஞாயிறு பூசைக்குப் பிறகு நான் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக் கொடுத்தது உனக்குத் தெரியும். மனுஷனைக் கடவுள் தம் சாயலாகப் படைத்தார் என்று சொல்லிக் கொடுப்பேன். சாயல் என்றால் என்ன என்று பிள்ளைகள் கேட்டால், ஆடு மாட்டுக்கு இல்லாத புத்தி, நினைக்கிற சக்தி, பேசுகிற சக்தி என்று விளக்குவேன். சொல்லும்போதே உள்ளே ஒன்று குத்தும். அந்தக் கணக்குப்படி பார்த்தால் என் அண்ணனிடம் கடவுள் சாயல் கொஞ்சம்தானே இருக்க வேண்டும்? பிறகு ஒருநாள் ஒரு சின்னப் பெண் எழுந்து, “எங்க தம்பி அப்பா சாடைன்னு எல்லாரும் சொல்றாக டீச்சர். அவனுக்கு இன்னும் பேச்சே வரல” என்றாள். வகுப்பில் எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அந்தப் பிள்ளை சொன்னதுதான் சரி. சாயல் என்பது நாம் படித்துச் சம்பாதிக்கிற சாமர்த்தியம் இல்லை. யாருடைய பிள்ளை என்பது. ஒருவன் தன் அப்பாவுக்குக் கொஞ்சம் பிள்ளை, இன்னொருவன் நிறையப் பிள்ளை என்று உண்டா? தொட்டிலில் கிடக்கும்போதும் பிள்ளைதான், படுக்கையில் கிடந்து நினைவு தப்பிப் போகும்போதும் பிள்ளைதான். கடவுள் மனுஷனாக வந்தபோதுகூட நம் பலத்தையும் புத்தியையும் மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. பசியை, பயத்தை, ஆணியடித்த கையை, யாருக்கும் பிரயோஜனமில்லாமல் தொங்குவதை எல்லாம் எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு எந்த உடம்பைப் பார்த்து நாம், இது எதற்கு ஆகும் என்று கேட்பது?

அதனால், இவள் வளர்ந்து என்ன ஆகப் போகிறாள் என்று நீ கேட்டதற்கு இப்போது பதில் சொல்கிறேன். எனக்குத் தெரியாது. படிக்கலாம், படிக்காமலும் போகலாம். இந்தக் காலத்தில் இவர்களுக்கு எத்தனையோ பயிற்சி இருக்கிறதாம், எல்லாம் செய். ஆனால் அவள் ஆக வேண்டியது ஏற்கெனவே ஆகிவிட்டாள். அவள் வந்து இருபத்தோரு நாளாகிறது. அவளுக்கு இனிமேல் வர வேண்டிய மதிப்பு என்று ஒன்று பாக்கி இல்லை. அதைக் கொடுக்கிறவன் நீயும் இல்லை, டாக்டரும் இல்லை, நானும் இல்லை. மறைக்கத்தான் நம்மால் முடியும். நான் மறைத்துப் பார்த்தேன். சவரியிடம் இருந்த சாயலை என் பூட்டால் ஒன்றும் செய்ய முடியவில்லை. கறுத்துப்போனது என் முகம்தான். ஜென்மப் பாவம் என்றால் என்ன என்று பிள்ளைகளுக்கு ஏதேதோ சொல்லியிருக்கிறேன். எனக்குத் தெரிந்த விளக்கம் ஒன்றுதான்: யாரும் சொல்லித் தராமலே எனக்கு என் அண்ணனைப் பூட்டி வைக்கத் தெரிந்திருந்தது. நல்ல பெண் என்று பேரெடுத்தவள், தினமும் பூசைக்குப் போனவள். கெட்டவர்கள் மட்டும் செய்கிற காரியம் இல்லை இது. அதனால்தான் உன்னை நினைத்துப் பயப்படுகிறேன். நீ நல்லவன். யாருக்கும் தெரிய வேண்டாம் என்று நீ சொன்னபோது அந்தக் குரல் எனக்குப் பழகின குரலாக இருந்தது. என்னுடையது.

உன்னைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அதிர்ச்சியில் இருக்கிறாய். உன் பெண்டாட்டி ஸ்டெல்லா பெற்ற உடம்பு தேறாமல் இருக்கிறாள். இரண்டு பேரும் அழ வேண்டும் என்றால் அழுங்கள், நினைத்த பிள்ளை வேறு, வந்த பிள்ளை வேறு என்று வருத்தப்படுங்கள். அதில் பாவம் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த அழுகையைப் பிள்ளையை ஒளித்து வைக்கிற அளவுக்கு வளரவிடாதே. ஒருநாள் ஒளித்தால் மறுநாள் ஒளிப்பது சுலபமாகிவிடும். என்னைக் கேள். உன் அப்பாயி இறந்த பிறகு எனக்கு மறைக்க ஒரு காரணமும் இல்லை. சவரியும் போய்ச் சேர்ந்தாயிற்று. உன் அப்பா, “அவன்கிட்டச் சொல்லிரு, சொல்லிரு” என்று சாகிறவரைக்கும் சொன்னார். சவரியை நினைத்து வெட்கப்படுவதை நான் எப்போதோ நிறுத்திவிட்டேன். மறைத்ததை நினைத்து வந்த வெட்கம்தான் வாயைக் கட்டிப்போட்டது.

பாப்பாவைப் பற்றி நான் இங்கே யாரிடமும் சொல்லவில்லை. அது நீங்கள் இரண்டு பேரும் சொல்ல வேண்டியது. ஆனால் என் அண்ணனைப் பற்றிச் சொல்லிவிட்டேன். நீ போன் செய்ததற்கு மறுநாள் பங்குச் சாமியாரைப் போய்ப் பார்த்து, பாவசங்கீர்த்தனம் செய்தேன். எத்தனையோ வருஷமாக, கோபப்பட்டேன், புறணி பேசினேன் என்று சில்லறையாகச் சொல்லி வந்தவள் அன்றைக்குத்தான் இதைச் சொன்னேன். பிறகு ஞாயிற்றுக்கிழமைப் பூசையைச் சவரிக்காக ஒப்புக்கொடுக்கக் கேட்டேன். பூசை ஆரம்பத்தில் சாமியார் கோவிலில் எல்லாரும் கேட்க, சவரிமுத்துவின் ஆன்மா இளைப்பாற்றிக்காக இந்தப் பூசையை அவருடைய தங்கை ஒப்புக்கொடுக்கிறார் என்று என் பேரைச் சொன்னார். முன் பெஞ்சில் இருந்த எதிர்வீட்டு ரோஸி அக்கா சட்டென்று திரும்பிப் பார்த்தார்கள். வெளியே வந்ததும், “ஏத்தா, உனக்கு அண்ணன் இருந்தாரா? இம்புட்டு வருசமாச் சொல்லவே இல்ல?” என்று கேட்டார்கள். படிக்கட்டில் நின்று முழுவதும் சொன்னேன். கேட்டுவிட்டு, “இப்ப எதுக்கு இதையெல்லாம் வெளிய சொல்லிக்கிட்டு? போனது போயிருச்சு” என்று சலித்துக்கொண்டு போய்விட்டார்கள். எனக்கு வருத்தமில்லை. வீட்டுக்கு நடந்து வரும்போது கால் லேசாக இருந்தது.

பாப்பாவைப் பற்றி இரண்டொரு வார்த்தை. அவளைச் சம்மனசு ஆக்காதே. தப்புச் செய்தால் கண்டி, மன்னிப்புக் கேட்கப் பழக்கு, மன்னித்துவிட்டாய் என்று சொல். வீட்டுக்கு யார் வந்தாலும் அவள் கூடத்தில் இருக்கட்டும். வருகிறவர்கள் முகம் சுளித்தால் அது அவர்கள் முகம். ஞானஸ்நானம் இந்த ஊர்க் கோவிலில், பூசை முடிந்து ஜனம் கலைவதற்கு முன்னால், எல்லாரும் பார்க்க நடக்க வேண்டும் என்பது என் ஆசை. ஆசைதான், கட்டாயம் இல்லை. உனக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது பிள்ளையின் பேர் என்ன என்று சாமியார் முதலில் கேட்டார், அதற்கப்புறம்தான் மற்றதெல்லாம். யாராக இருந்தாலும் அப்படித்தான் கேட்பார்கள். நீங்கள் அவளுக்கு இன்னும் பேர் வைக்கவில்லை என்று ஸ்டெல்லாவின் அம்மா சொன்னார்கள். முதலில் அதைச் செய்யுங்கள்.

கண் டாக்டர் பயணம் போகலாம் என்று சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை ரயிலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன், சனிக்கிழமை காலையில் உன் வீட்டில் இருப்பேன். இந்தக் கடிதம் அதற்கு முன்னால் வந்துவிடும். படித்ததும் உனக்கு என் மேல் கோபம் வரும். வர வேண்டும். ஒரு தாய்மாமனை உன்னிடமிருந்து எடுத்துக்கொண்டவள் நான், அதைத் திருப்பித் தர என்னால் முடியாது. எவ்வளவு வேண்டுமானாலும் கோபப்படு, நான் பதில் பேசாமல் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் முதலில் பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டு, அப்புறம் திட்டு.

அம்மா